ஸ்பேசர் போடலாமா? முதலில் அளந்து பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், வீட்டில் கார்ப் பைத்தியம் பிடித்த பிள்ளை வைத்திருப்பவர்களும் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் என் அக்கா பேரன் ஒரு காணொளியைப் போட்டு, "தாத்தா, என் சிட்டிக்கு இன்டேக் மேனிஃபோல்டு ஸ்பேசர் போடலாம்னு இருக்கேன். பவர் கூடும், மைலேஜும் கூடும்னு சொல்றாங்க. நீங்க ஃபிசிக்ஸ் வாத்தியார்தானே, சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். பழைய ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் பெட்ரோல். அவன் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் கார்.

நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் பதினான்கு பதில்கள் வந்துவிட்டன. "எல்லாம் ஏமாத்து வேலை" என்றார் ஒரு மாமா. "கம்பெனிக்காரன் என்ன முட்டாளா? அவனுக்குத் தெரியாததா?" என்றார் ஒரு சித்தப்பா. "இன்ஜின்ல மட்டும் கை வைக்காதே சாமி" என்று ஒரு பெரியம்மா. அவன் வயதுப் பிள்ளைகளோ, "போட்டுப் பாரு, வேற லெவல்ல இருக்கும்" என்றார்கள். பதினான்கு பேரில் ஒருவர்கூட ஓர் எண்ணைச் சொல்லவில்லை. இதே கேள்வியை என் பழைய மாணவர்களும் அவ்வப்போது கேட்கிறார்கள் என்பதால் பதிலை இங்கே பொதுவில் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பேசர் ஏமாற்று வேலை இல்லை. வெப்பத்தைத் தடுக்கும் என்கிறார்கள், தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்படித் தடுப்பதால் உன் காரில், நீ ஓட்டும் ரோட்டில், நீ எதிர்பார்க்கும் நேரத்தில் எவ்வளவு பலன் என்பது வேறு கேள்வி. விற்பவர் முதல் விஷயத்தைச் சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சேர்த்துப் பணம் வாங்குகிறார். நம் பெரியவர்கள் இரண்டாவதைச் சந்தேகப்பட்டு முதலாவதையும் சேர்த்துப் பொய் என்கிறார்கள். இரண்டுமே தவறு. இது பதினொன்றாம் வகுப்புக் கணக்கு. போட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்காக: காற்று வடிகட்டியைத் தாண்டி, த்ராட்டில் பாடி வழியாக உள்ளே வரும் காற்றை நான்கு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் குழாய்க் கூட்டம்தான் இன்டேக் மேனிஃபோல்டு. அது சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஹெட் சூடானது, கூலன்ட் மட்டுமே 90 டிகிரியை ஒட்டி ஓடுகிறது. அந்தச் சூடு மேனிஃபோல்டுக்கு ஏறி, உள்ளே போகும் காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று விரிந்துவிடும், அதே இடத்தில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், பவர் குறையும். எனவே ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வெப்பம் கடத்தாத தடிமனான ஒரு தகட்டை வைத்தால் மேனிஃபோல்டு சூடேறாது. அந்தத் தகடுதான் ஸ்பேசர். பெரும்பாலும் பீனாலிக் பிசினில் செய்கிறார்கள். நம் பழைய சுவிட்சுகளில் இருந்த பேக்கலைட் குடும்பம். அலுமினியத்தின் வெப்பக் கடத்துத்திறன் 200 வாட்டை ஒட்டியது. வார்ப்புக் கலவையில் இன்னும் கொஞ்சம் குறையும். பீனாலிக்கின் கடத்துத்திறன் 0.3 வாட் அளவில்தான். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். (மீட்டருக்கு, டிகிரிக்கு என்று அலகைச் சேர்த்துப் படியுங்கள். அலகு எழுதாதவர்களுக்கு நான் அரை மதிப்பெண் குறைத்தது பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.)

இதில் புதுமை ஒன்றுமில்லை. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் கார்புரேட்டருக்கு அடியில் பேக்கலைட் பேக்கிங் கம்பெனியிலிருந்தே வரும். அது பவருக்காக வைத்ததில்லை. கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோல் கொதித்துவிடாமல் இருக்க வைத்தது. அம்பாசிடர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதன் பழைய பெட்ரோல் இன்ஜின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கிலாந்துக் குளிரில் பெட்ரோல் ஆவியாக வேண்டுமே என்று எக்ஸாஸ்ட் சூட்டை வேண்டுமென்றே இன்டேக்குக்குக் கொடுத்த அமைப்பு அது. அதே இன்ஜின் சித்திரை வெயிலில் கல்லாறு தாண்டி குன்னூர் மலை ஏறும்போது, பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். டிரைவர் இறங்கி பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவார். அங்கே தேவைப்பட்ட சூடு இங்கே தொல்லையாயிற்று. எந்தப் பாகத்தைப் பற்றியும் "நல்லதா கெட்டதா" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த வண்டி, எந்த ஊர், எந்த வேகம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, பேரனின் கணக்குக்கு வருவோம்.

1.5 லிட்டர் இன்ஜின், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து 6000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.5 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 3000 முறை, 4500 லிட்டர். 60ஆல் வகுத்தால் நொடிக்கு 75 லிட்டர். எடையில் ஏறக்குறைய 80 கிராம். ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய ஒரு ஜூல் தேவை. ஆக, அந்த வேகத்தில் போகும் காற்றை ஒரே ஒரு டிகிரி சூடாக்க 80 வாட் வேண்டும்.

இப்போது அதே இன்ஜின் சிக்னலில் நின்று ஐடிலிங்கில் ஓடுகிறது. அப்போது உள்ளே போகும் காற்று நொடிக்கு 2 கிராம் அளவுதான். ஒரு டிகிரி சூடாக்க 2 வாட் போதும்.

ஹெட்டிலிருந்து மேனிஃபோல்டு வழியாகக் காற்றுக்கு 100 வாட் வெப்பம் போகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சிக்னலில் நிற்கும்போது 50 டிகிரி உயரும்; அதாவது காற்று ஏறக்குறைய மேனிஃபோல்டின் சூட்டுக்கே வந்துவிடும். முழு வேகத்தில் அதே 100 வாட் ஏற்றுவது ஒன்றேகால் டிகிரி. மேனிஃபோல்டுக்குள் 3 லிட்டர் இடம் இருந்தால், முழு வேகத்தில் காற்று அங்கே தங்கும் நேரம் நொடியில் 25இல் ஒரு பங்கு. சூடேற அதற்கு நேரமே இல்லை.

ஸ்பேசர் மிச்சப்படுத்தும் சூடு பெரும்பாலும் நீ நின்றுகொண்டிருக்கும்போது மிச்சமாகிறது. அவிநாசி ரோட்டில் சிக்னலுக்கு சிக்னல் ஊர்ந்து போகும்போது காற்று குளிர்ச்சியாக இருக்கும்; அங்கே யாருக்கும் கூடுதல் குதிரைத்திறன் தேவையில்லை. பல்லடம் ரோட்டில் லாரியை முந்தப் பவர் கேட்கிறாயே, அந்த நேரத்தில் காற்று தானாகவே வேகமாகப் போய் மேனிஃபோல்டைக் குளிர்வித்துவிடுகிறது.

தாராளமாகவே கணக்குப் போடுவோம். நெரிசலில் நன்றாகச் சூடேறிய மேனிஃபோல்டோடு, சிக்னல் விழுந்ததும் மிதிக்கிறாய். ஸ்பேசரால் காற்று 5 டிகிரி குறைவாக இருக்கிறது என்று வைப்போம். காற்றின் அடர்த்தி கெல்வின் வெப்பநிலைக்குத் தலைகீழ் விகிதம். 40 டிகிரி என்பது 313 கெல்வின். 45 என்பது 318. வித்தியாசம் 1.6 சதவீதம். 100 குதிரைத்திறன் இன்ஜினில் ஒன்றரைக் குதிரை. காற்று குளிர்ந்தால் 'நாக்கிங்' குறையும், அதனால் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்காமல் விடும்; அதில் இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம். அதுவும் மேனிஃபோல்டு தானாகக் குளிரும் வரை, சிறிது நேரத்துக்கு. பின் சீட்டில் ஒரு ஆளை ஏற்றினால் இதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியும்.

இன்னொரு சங்கதி. 10 மி.மீ. தடிமன், 60 சதுர செ.மீ. பரப்பு, இரு பக்கமும் 50 டிகிரி வித்தியாசம் என்று கொண்டால் பீனாலிக் ஸ்பேசர் வழியாகக் கடக்கும் வெப்பம் 9 வாட். நல்லதுதான். ஆனால் அந்த ஸ்பேசரைத் துளைத்துக்கொண்டு ஆறு இரும்பு போல்ட்கள் போகின்றனவே! 8 மி.மீ. போல்ட், 3 செ.மீ. நீளம் என்று வைத்து அதே சூத்திரத்தைப் போட்டால் ஆறும் சேர்ந்து 25 வாட் வரை கடத்தும். சுவரை நன்றாகக் கட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி. நல்ல கிட்டில் போல்ட் தலைக்கு அடியில் வைக்கவும் வெப்பம் கடத்தாத வாஷர் கொடுப்பார்கள். உன் கிட்டில் அது இருக்கிறதா பார். இல்லையென்றால் விற்பவரிடம் ஏன் என்று கேள். பதிலிலேயே அவருக்கு எவ்வளவு தெரியும் என்று தெரிந்துவிடும்.

மைலேஜ் கூடும் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சாதாரணமாக ஓட்டும்போது எவ்வளவு பவர் வேண்டும் என்பதை உன் கால் தீர்மானிக்கிறது. காற்று அடர்த்தியாக வந்தால் காலைக் கொஞ்சம் குறைவாக மிதிப்பாய். த்ராட்டில் இன்னும் கொஞ்சம் மூடியிருக்கும். இன்ஜின் அந்த மூடிய வழியாகக் காற்றை இழுக்க இன்னும் கொஞ்சம் சிரமப்படும். பெட்ரோல் மிச்சமாக இதில் வழியே இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருள் மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசோதித்தும் மதிப்பிட்டும் பார்த்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவு மைலேஜைக் கூட்டியது எதுவும் இல்லை. த்ராட்டில் பாடிக்கு அடியில் வைக்கும், சுழல் சுழலாக வரி போட்ட ஸ்பேசர்கள் இன்னும் மோசம். காற்றைச் சுழற்றிப் பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும் என்பார்கள். சிட்டி மாதிரிக் காரில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் சிலிண்டர் வாசலில் இருக்கிறது. த்ராட்டில் அருகே காற்றோடு கலக்க அங்கே பெட்ரோலே கிடையாது.

ஸ்பேசரால் மேனிஃபோல்டின் குழாய் நீளம் கூடுவதால் இழுவை கூடும் என்றும் சொல்வார்கள். உண்மை, ஆனால் அளவைப் பாருங்கள். குழாய்க்குள் காற்று அதிர்வதால் ஒரு குறிப்பிட்ட சுற்றில் சிலிண்டர் நன்றாக நிரம்பும். புல்லாங்குழல் மாதிரி, நீளம் கூடினால் அந்தச் சுற்று குறையும். 350 மி.மீ. குழாயில் 10 மி.மீ. சேர்த்தால் 3 சதவீதம். 4800 சுற்றில் கிடைத்த உச்ச இழுவை 4650க்கு அருகில் கிடைக்கும். இடம் நகர்கிறது, அவ்வளவுதான். ஓட்டும்போது அதை உணர்ந்தேன் என்று யாராவது சொன்னால், நான் அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். பணம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கையைக் கீறிக்கொண்டு மாட்டியவருக்கு வண்டி வேகமாகத்தான் தெரியும்.

ஸ்பேசரால் உண்மையிலேயே பலன் கிடைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். 2000களின் தொடக்கத்தில் வந்த நிஸ்ஸான் 350இசட் என்ற ஸ்போர்ட்ஸ் கார். பானெட் முன்பக்கம் தாழ்ந்து சரிவதால், மேனிஃபோல்டின் மேல் அறையையும் முன்பக்கம் தாழ்வாகச் செய்ய வேண்டியதாயிற்று. முன்னால் இருக்கும் இரண்டு சிலிண்டருக்குக் காற்று நெருக்கடி. அந்த அறையின் மூடிக்கு அடியில் ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் நெருக்கடி குறைகிறது. அங்கே பலன் வந்தது வெப்பத்தால் இல்லை. அந்த இன்ஜினில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட குறை இருந்தது, ஸ்பேசர் அந்த இடத்தைத் தொட்டது. அந்தக் காரின் பலனைக் காட்டி உன் காருக்கு விற்றால் வாங்காதே.

கடந்த இருபது ஆண்டுகளில் வந்த சிறு பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மேனிஃபோல்டே பிளாஸ்டிக்தான். கண்ணாடி நார் கலந்த நைலான். அதன் கடத்துத்திறனும் பீனாலிக்கை ஒட்டியதே. கம்பெனிக்காரரே முழு ஸ்பேசராகச் செய்து கொடுத்துவிட்டார். ஆகவே ஸ்பேசர் கேட்கும் தம்பிகளே, முதலில் பானெட்டைத் திறந்து மேனிஃபோல்டைத் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் சத்தம் வந்தால் பானெட்டை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். பேரனின் சிட்டியில் அலுமினியம். எனவே அவன் கேள்வி நியாயமான கேள்வி.

இப்போது பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா" என்பது பதில் ஆகாது. கம்பெனிக்காரர் பனி பெய்யும் ஊருக்கும் பாலைவனத்துக்கும் சேர்த்து, விலையையும் பார்த்து, ஒரே பாகத்தைச் செய்கிறார். சில கார்களில் த்ராட்டில் உறையாமல் இருக்க அதைச் சுற்றிச் சூடான கூலன்டை ஓட்டுகிறார். கோயம்புத்தூரில் அது எதற்கு என்று ஒரு பையன் கேட்டால் கேள்வி சரிதான். "கை வைக்காதே" என்பது அதைவிட மோசம். கரிவர்தன் மாருதி இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரில் பந்தயத் தளமே இருக்கிறது. கையை வைக்காமல் அதெல்லாம் வரவில்லை. பிள்ளைகள் கை வைக்கட்டும். எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுப்பதுதான் நம் வேலை.

ஏனென்றால் இந்த வேலையில் ஆபத்து பவரில் இல்லை, மாட்டுவதில் இருக்கிறது. என் மாணவர் ஒருவரின் தம்பிக்கு ஒரு பட்டறையில் ஸ்பேசர் போட்டுக் கொடுத்தார்கள். 10 மி.மீ. தகட்டை நடுவில் வைத்துவிட்டு, பழைய போல்ட்களையே மாட்டியிருக்கிறார்கள். நான்கைந்து மரை மட்டும் பிடித்திருக்கிறது. இறுக்கும்போது அலுமினிய ஹெட்டில் இரண்டு இடத்தில் மரை போய்விட்டது, யாரும் சொல்லவில்லை. ஓரமாகக் காற்று கசிந்து ஐடிலிங் ஏறி இறங்கியது. "புது பாகம், செட்டாகும்" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் மலை இறங்கும்போது பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. பிரேக்குக்கு உதவும் சர்வோ வேலை செய்வதே இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடத்தால்தான். மேனிஃபோல்டு கசிந்தால் வெற்றிடம் குறையும். அவர்கள் கழற்றிய பிரேக் ஹோஸையும் கிளிப் இல்லாமல் செருகியிருந்தார்கள். ஹேண்ட் பிரேக்கையும் முதல் கியரையும் வைத்து வண்டியை ஓரத்தில் நிறுத்தினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹெட்டைக் கழற்றிப் புது மரை போட்ட செலவு ஸ்பேசரின் விலையைத் தாண்டிவிட்டது.

ஆகவே, செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

1. முதல் நாள் இரவே வண்டியை நிறுத்திவிடுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் லைனின் அழுத்தத்தை இறக்கிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

2. எந்த ஹோஸ், எந்த ஒயர் எங்கே போகிறது என்று கழற்றுமுன் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள்.

3. மேனிஃபோல்டைக் கழற்றியதும் ஹெட்டில் திறந்திருக்கும் வாய்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன நட் உள்ளே விழுந்தால் இன்ஜினே போய்விடும்.

4. பழைய கேஸ்கட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள், அலுமினியம் கீறிவிடும். பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டி போதும். ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வைத்து இரண்டு முகமும் மட்டமாக இருக்கிறதா பாருங்கள்.

5. கேஸ்கட் இல்லாமல் ஒருமுறை ஸ்பேசரை வெறுமனே வைத்துப் பாருங்கள். ஸ்பேசரின் துளை, ஹெட்டின் வாயைவிடச் சின்னதாக இருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் காற்றை நீங்களே தடுக்கிறீர்கள். இன்ஜெக்டர், ஃப்யூல் ரெயில், அடியில் இருக்கும் தாங்கு பிராக்கெட், பானெட் எல்லாம் இடிக்காமல் உட்காருகிறதா என்றும் அப்போதே பாருங்கள். இன்ஜெக்டர் சாய்ந்து உட்கார்ந்தால் பெட்ரோல் கசியும்.

6. ஸ்பேசர் எத்தனை மி.மீ. தடிமனோ, போல்டோ ஸ்டட்டோ அத்தனை மி.மீ. நீளம் கூடுதலாக வேண்டும். அலுமினியத்தில் போல்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது மரை பிடிக்க வேண்டும். 8 மி.மீ. போல்டுக்கு 12 மி.மீ. சுற்றிய சுற்றை எண்ணிப் பாருங்கள்.

7. டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். அளவை அந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்திலிருந்து எடுங்கள். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையாக இறுக்குங்கள். சூடாகி ஆறினால் பீனாலிக் கொஞ்சம் அமுங்கும். சில நாள் ஓட்டிய பிறகு, ஆறிய இன்ஜினில் மறுபடி சரிபாருங்கள்.

8. ஸ்டார்ட் செய்யுமுன் சாவியை மட்டும் போட்டு பெட்ரோல் பம்பை ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் செய்தபின் 'உஸ்' சத்தம், ஏறி இறங்கும் ஐடிலிங் இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. தெருவில் இறங்கும் முன் பிரேக்கை நாலு முறை மிதித்துப் பாருங்கள்.

வாரன்டியில் இருக்கும் காரில் இதைச் செய்யாதீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

போட்டபின் பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குப் போடும் முன்பே அளந்திருக்க வேண்டும். மேனிஃபோல்டைத் தொட்டு "ஜில்லுன்னு இருக்கு பார்" என்று காணொளியில் காட்டுகிறார்கள். மேனிஃபோல்டு ஜில்லென்று இருப்பதும் உள்ளே போகும் காற்று ஜில்லென்று இருப்பதும் ஒன்றில்லை. அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் அது உண்மையைவிடக் குறைத்துத்தான் சொல்லும். ஸ்கேனரில் காற்று வெப்பநிலை குறைந்ததாகக் காட்டினால், அந்த சென்சார் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வடிகட்டிப் பக்கம் இருந்தால் அதற்கு மேனிஃபோல்டின் சூடு தெரியவே தெரியாது. ஒரு தெர்மோகப்பிள் மீட்டர் வாங்கி, அதே ரோடு, அதே நேரம், ஏ.சி. போட்டு, நிற்கும்போதும் ஓடும்போதும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பவர் கூடியதா என்று பார்க்க டைனோ வேண்டும். ரோட்டில் பந்தயம் விட்டுப் பார்க்கக் கூடாது. டைனோவிலும் போடும் முன் மூன்று ஓட்டம், போட்டபின் மூன்று ஓட்டம், கூலன்ட் சூடும் டயர் காற்றும் ஒரே அளவில். ஒரே வண்டியை ஒன்றும் மாற்றாமல் அடுத்தடுத்து ஓட்டினாலே ஒன்றிரண்டு சதவீதம் மாறும். நாம் தேடும் பலனும் அதே அளவுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு ஓட்டத்தை வைத்துக்கொண்டு "கூடிவிட்டது" என்று சொல்பவரின் வரைபடத்துக்கு மதிப்பில்லை.

கடைசியாகப் பேரனுக்கு. ஸ்பேசருக்கும் கூலிக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாய். உன் கார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் தெரிகிறது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. உன் டயருக்கு எட்டு வயது ஆகப் போகிறது சாமி. மழையில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. முதலில் டயரை மாற்று. பிறகு ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், கூலன்ட் பார். வால்வ் கிளியரன்ஸ் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேள். அதைச் சரிசெய்தாலே உன் காரின் காணாமல் போன இழுவை கொஞ்சம் திரும்பி வரலாம். ஸ்பேசர் தரும் ஒன்றரைக் குதிரையைவிட அது பெரிதாக இருக்கவும் கூடும்.

அதெல்லாம் முடிந்து, காசும் ஆசையும் மிச்சம் இருந்தால் ஸ்பேசரும் போடு. நான் தடுக்க மாட்டேன். உன் அம்மாவிடமும் பேசுகிறேன். சனிக்கிழமை இரவு வண்டியை நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு. ஞாயிறு காலை டார்ச் பிடிக்க வருகிறேன். ஆனால் முன்னால் எடுத்த அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். பின்னால் எடுத்ததையும் பக்கத்திலேயே எழுதி இதே குழுவில் போட வேண்டும். பலன் இல்லை என்று வந்தாலும் போட வேண்டும்.

மற்ற மாணவர்களில் ஸ்பேசர் போட்டவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். "சூப்பரா இருக்கு சார்" என்று எழுத வேண்டாம். என்ன கார், உலோக மேனிஃபோல்டா பிளாஸ்டிக்கா, எங்கே அளந்தீர்கள், எவ்வளவு மாறியது என்று எழுதுங்கள். அலகோடு எழுதுங்கள்.